தெருமுனையிலதான் இருக்கேன்

பட்டனை அமுக்கணும், ஒரு மூச்சு விடணும், அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும். அமுக்கின கையோட பேசினா முதல் வார்த்தை பாதி வெட்டுப்பட்டுப் போயிடும் சிஸ்டர்னு, எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிற பூவராகன் சார் பத்து தடவை சொல்லியாச்சு. அமுக்கிட்டேன். மூச்சும் விட்டாச்சு. "திருச்சி டவர், விக்டர் டேங்கோ டெல்டா லீமா எக்கோ, குட் மார்னிங்." கையை எடுத்துட்டேன். இனி கேக்கணும். கேக்கறதுதான் கஷ்டம், பேசறதுல எனக்கு என்னைக்குக் கஷ்டம் இருந்திருக்கு. மணி பத்து இருபது. கை கால் பயிற்சி கொடுக்கிறவர் வந்துட்டுப் போயாச்சு, பருப்பு வெந்தாச்சு, காய் மட்டும் இன்னும் நறுக்கலை. சின்ன ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். எதிர்ல லேப்டாப், அதுல ஒரு குட்டி விமானம், முதல்ல சொன்ன நீளப் பேரு அதோடது, அடுத்த தடவைலேர்ந்து சுருக்கிச் சொல்லலாம், அதை ஓட்டறது நான். கதவுக்கு அந்தப் பக்கம் ஹால், ஹால்ல ஜன்னலோரம் நாற்காலி, நாற்காலியில என் வீட்டுக்காரர் கஸ்பார். என் கையில ஒரு வாக்கி டாக்கி, அவர் இடது கையில அதோட ஜோடி. நடுவுல பதினோரு அடி இருக்குமா, அது கூட இருக்காது. பதினோரு அடி தள்ளி உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட நான் பத்து மைல் கிழக்கே, மூவாயிரம் அடி உயரத்துல வந்துக்கிட்டிருக்கேன், இறங்கலாமான்னு இங்கிலீஷ்ல கேக்கணும். கேட்டுட்டேன். ஒன்றரை மாசமா தினமும் கேக்கறேன். பைத்தியக்காரி மாதிரி கேக்கறேன். பதில் இல்லை.

பதில் வராதுன்னு தெரிஞ்சே கேக்கறதுக்கும் ஒரு பழக்கம் வேணும், அது வந்துடுச்சு. ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அவர் மூளையில ரத்தம் அடைச்சுது. வலது கை போச்சு, வலது கால் பாதி போச்சு, பேச்சு முழுசாப் போச்சு. புரியுது. டிவியில சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்கிறார், சாம்பார்ல உப்பு கூடினா முகத்தைச் சுளிக்கிறார். சொல்ல வரலை. தண்ணின்னு சொல்ல வாயைத் திறந்தா தண்ணி வராது, நாக்கு எங்கேயோ தேடிப் போயிட்டு வெறுங்கையோட வரும். அதுவும் என் முகத்தைப் பார்த்துட்டார்னா போச்சு. நான் எதிர்ல நின்னு என்னங்க, சொல்லுங்கன்னு கேட்டா, கண்ணு ரெண்டும் கலங்கி, உதடு ஒரு பக்கமா இழுத்து, ஒரு ஆ மட்டும் வந்து, அப்புறம் தலையைத் திருப்பிக்குவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷமீனா மேடம் நல்ல பொண்ணு, பொறுமைசாலி. அவங்கதான் சொன்னாங்க, சிலருக்கு யோசிச்சுப் பேசற பேச்சு போனாலும் யோசிக்காம வர்ற பேச்சு உள்ளுக்குள்ள அப்படியே கிடக்கும், ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சது, எண்ணிக்கை, செபம், கெட்ட வார்த்தை, அந்த மாதிரி, சார் அதிகமா எதைச் சொல்லுவாருன்னு யோசிச்சுப் பாருங்கன்னு. எண்ணிப் பார்த்தேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு விரலை மடக்கி மடக்கி, வரலை. செபமாலையை எடுத்து முட்டி போட்டு ஆரம்பிச்சேன், மனுஷன் ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டிருக்கார். பூசை நேரத்துலயே கோவிலுக்கு வெளியே நின்னவர், செபமா வரும். கெட்ட வார்த்தை அவர் வாய் பேசினதே இல்லை, அதுலயும் அதிர்ஷ்டம் இல்லை. அப்படின்னா இந்த மனுஷன் எதைத்தான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கார்னு ராவும் பகலும் யோசிச்சா, என்கிட்ட எதையுமே சொன்னதில்லை, அதான் உண்மை. முப்பத்தி ஒரு வருஷம் ஏர்போர்ட் டவர்ல உக்காந்து விமானக்காரங்ககிட்ட பேசினவர். இறங்கலாம், ஏறலாம், நில்லு, காத்து இப்படி அடிக்குது, குட் டே. அதுதான் பேச்சு. வீட்டுக்கு வந்தா ம்.

அப்பத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சுது. அவர்கூட வேலை பார்த்து ரிட்டயர் ஆன பூவராகன் சாருக்கு போன் போட்டு, சார், ஒரு பைலட் டவர்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குச் சொல்லிக் கொடுங்கன்னேன். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா அவர் கண்டுபிடிச்சுடுவார் சிஸ்டர், நிஜமாவே ஓட்டணும், ஓட்டிக்கிட்டே பேசினாத்தான் குரல்ல அது வரும்னார். பெலிசியா, எங்க மக, கோயம்புத்தூர்லேர்ந்து வந்து லேப்டாப்ல விமானம் ஓட்டற விளையாட்டைப் போட்டு, ஓட்டற கட்டையையும் மாட்டிக் கொடுத்துட்டு, அம்மா உனக்கு என்ன ஆச்சும்மான்னு அழுதுட்டுப் போனா. ஐம்பத்தி எட்டு வயசுல ஏ பி சி டி மறுபடியும் படிச்சேன். ஏ இல்லை ஆல்ஃபா, பி இல்லை பிராவோ. காய்காரம்மாகிட்ட ஜெசிந்தான்னு பேரைச் சொல்றப்ப ஜூலியட் ஆல்ஃபான்னு ஆரம்பிச்சு அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. ஒன்பதை நைனர்னு சொல்லணுமாம், சொன்னேன். டவர் ஒண்ணு சொன்னா அதை அப்படியே திருப்பிச் சொல்லணும், சரி சரின்னு தலையாட்டக் கூடாது, ஏன்னா காதுல தப்பா விழுந்திருந்தா திருப்பிச் சொல்றப்பத்தான் தெரியும், தப்பாச் சொன்னா டவர்ல உக்காந்திருக்கிற கன்ட்ரோலர் விடவே மாட்டான், அவன் தூங்கினாலும் அவன் காது விடாதுன்னார் பூவராகன் சார். அப்புறம் அந்த சார்ட். சேசுவே, அந்த சார்ட். விமானத்துக்கு ரோடு இல்லை, அதனால ஒரு தாள்ல ரோடு போட்டு வச்சிருக்கான். எந்தப் பக்கமா வரணும், எந்த இடத்துல எத்தனை அடிக்குக் கீழ இறங்கக் கூடாது, எல்லாம் எறும்பு சைஸ்ல. ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு நம்பர். வெளியில இருக்கிறது கடல் மட்டத்துலேர்ந்து உயரம், விமானத்து மீட்டர்ல அதுதான் காட்டும். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது நம்ம ஓடுபாதையிலேர்ந்து உயரம், அது சின்ன நம்பர். அடைப்புக்குள்ள இருக்கிறதைத் தொடாதீங்க சிஸ்டர், அதை நம்பி இறங்கினா தென்னை மரத்துலதான் போய் நிப்பீங்கன்னு வெளி நம்பரைச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டுக் கொடுத்தார். இப்பவும் அந்தத் தாள் லேப்டாப் பக்கத்துலதான் இருக்கு. எழுநூத்தம்பதைச் சுத்தி வட்டம், அதுக்குக் கீழ இறங்கக் கூடாது. பென்சில் கோடு லேசா அழிஞ்சிருக்கு, என் கை பட்டுப் பட்டு.

மறுபடியும் அமுக்கு. மூச்சு. "திருச்சி டவர், விக்டர் லீமா எக்கோ, எய்ட் மைல்ஸ் ஈஸ்ட், இன் க்ளவுட்." மேகத்துக்குள்ள இருக்கேன். மேகம் போடச் சொன்னதும் பூவராகன் சார்தான், போன வாரம். வெயில் அடிச்சா எந்த கன்ட்ரோலரும் காலை நீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பான் சிஸ்டர், மேகம் வந்தா நிமிர்ந்து உக்காருவான்னு. ஸ்கிரீன்ல இப்ப ஒண்ணுமே தெரியலை, முன்னாடி பின்னாடி எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெள்ளை. மீட்டர் முள்ளு மட்டும்தான் உலகம். அந்தப் பக்கம் ஜன்னல்ல வெயில் கொளுத்துது, அது அவருக்கும் தெரியும், இது பொய் மேகம்னு. இருந்தாலும் கேக்கறாரா, காதுகிட்ட வச்சிருக்காரா, இல்லை மடியில போட்டுட்டு காக்காயை வேடிக்கை பார்க்கிறாரா. கதவைத் திறந்து பார்க்கலாம்னு கால் பரபரங்குது. பார்க்கக் கூடாது. முதல் வாரம் அந்தத் தப்பைப் பண்ணினேன். மூணாவது நாளோ நாலாவது நாளோ, நான் பேசி முடிச்சதும் க்ளிக்குனு ஒரு சத்தம், அவர் பக்கம் பட்டனை அமுக்கற சத்தம், அப்புறம் ரா. ரா மட்டும். ராஜரோட ரா. சொன்னது புரிஞ்சுதுங்கிறதுக்கு அவங்க சொல்ற வார்த்தை, அதோட முதல் எழுத்து என் காதுல விழுந்துச்சு, மாதா மேல சத்தியமா விழுந்துச்சு. நான் நாற்காலியைத் தள்ளிட்டு கதவைத் திறந்துட்டு என்னங்கன்னு ஓடினேன். என் முகத்தைப் பார்த்தார். உதடு இழுத்துச்சு. ஆ. அவ்வளவுதான், மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் அஞ்சு வாரமா வெறும் க்ளிக். நான் பேசினா சில நாள் க்ளிக் வரும், சில நாள் அதுவும் வராது. வாயில வார்த்தையை வச்சுக்கிட்டிருந்தவர்கிட்டேர்ந்து நான்தான் ஓடிப்போய்த் தட்டி விட்டுட்டேன். என் அவசரம். எப்பவும் என் அவசரம், இல்லைன்னா என் தாமதம், ரெண்டுல ஒண்ணு.

ஒரு தடவை டவருக்குக் கூட்டிட்டுப் போனார். பெலிசியா அப்ப மூணாவது படிச்சா. குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம்னு என்னமோ ஒரு நாள். சுத்திலும் கண்ணாடி, நடுவுல இவர், காதுல மாட்டிக்கிட்டு. மேல போற எவனோ ஒருத்தன் கூப்பிட்டான், இவர் பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, குட் மார்னிங்னார். அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. அப்படி ஒரு கனிவு, அப்படி ஒரு நிதானம், என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேங்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிஞ்சுது, சும்மா சொல்லக் கூடாது. பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்கு ம், முகம் தெரியாதவனுக்கு குட் மார்னிங். வர்ற வழியில கேட்டேன், ஏங்க, அந்த ஆள்கிட்ட அப்படிக் குழைஞ்சீங்களேன்னு. அவன் தனியா இருக்கான் ஜெசிந்தா, மேகத்துக்குள்ள இருக்கான்னார். நான் மட்டும் என்ன, தனியா இல்லையான்னு நான் கேக்கலை. அவருக்குக் கோவம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். இருக்கிற இடத்தை மாத்திச் சொன்னா. பைலட்ல சிலபேர் பதினஞ்சு மைல்ல இருந்துக்கிட்டு பத்து மைல்ம்பாங்களாம், முந்தி இறங்கறதுக்காக. அதைச் சொல்றப்ப முகம் கறுத்துப் போகும். பொய் பொசிஷன் கொடுக்கிறவனை நான் எப்படிக் காப்பாத்துவேன், அவன் இல்லாத இடத்தைத்தானே நான் பார்த்துக்கிட்டிருப்பேன்னு. எனக்கோ அது தொழில். இருபத்தி ரெண்டு வருஷம் ஒரு கேஸ் ஏஜென்சியில போன் எடுத்தவ நான். வண்டி கிளம்பிடுச்சும்மா, உங்க தெருவுலதான் நிக்குது, அடுத்த வீடு நீங்கதான். வண்டி குடோன்ல நிக்கும். யாருக்கும் வலிக்காத பொய், அந்த நிமிஷம் அவங்க மனசு ஆறிப்போகும், சாயங்காலம் சிலிண்டரும் போயிடும். அதே வாய் வீட்லயும் வந்துடுச்சு. எங்க இருக்கேன்னு போன் பண்ணினா, வந்துட்டேங்க, தெருமுனையிலதான் இருக்கேன், இப்படித்தான் வரும். கடையில நின்னுக்கிட்டு வரும், பஸ் ஏறாமயே வரும். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பொய் பொசிஷன்ம்பார். நான் சிரிப்பேன்.

ஏழு மைல். இறங்கணும் இனி. கட்டையை லேசா முன்னாடி தள்ளணும், முள்ளு கீழ வரும், வருது. ரெண்டாயிரத்தி நூறு. அன்னைக்கு மணி நாலு பத்து. ஏன் இப்ப அது, இப்ப வேண்டாம். ஆயிரத்தி தொள்ளாயிரம். சின்னக்கடை வீதியில பிளவுஸ் வாங்கப் போயிருந்தேன், நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது, கை இறுக்கமா வச்சுட்டான், பிரிச்சுத் தர்றேன் பத்து நிமிஷம் உக்காருங்கக்கான்னான். போன் அடிச்சுது. எடுத்தா ஜெ, ஜென்னு ஒரு சத்தம். வாயில எதையோ போட்டுக்கிட்டுப் பேசறார்னு நெனைச்சேன். கடலை மிட்டாய் டப்பாவைத் திறந்துட்டார் போலன்னு நெனைச்சேன், நான் இல்லாதப்பத்தான் திறப்பார், சர்க்கரைக்காரர். வந்துட்டேங்க, தெருமுனையிலதான் இருக்கேன், பால் கடைகிட்ட வந்துட்டேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். முழுசாக் கேக்கக் கூட இல்லை. பட்டனை அமுக்கின கையோட பேசிட்டு, கையை எடுத்துட்டேன். ஆயிரத்தி நானூறு. பிளவுஸை வாங்கினேன், கொக்கி சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பார்த்தேன். வெயில். ஒரு ரோஸ் மில்க் குடிச்சேன். குடிச்சேன், நின்னு நிதானமா, அடியில தங்கினதை ஸ்ட்ராவைச் சுத்தி உறிஞ்சிக் குடிச்சேன். பஸ் பாலக்கரையில மாட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்தப்ப மணி அஞ்சு அஞ்சு. கேட் திறந்திருந்துச்சு. வாசக் கதவு திறந்திருந்துச்சு. நான் வருவேன்னு ரெண்டையும் திறந்து வச்சுட்டு, வாசலைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், அவர் அன்னைக்கு வீட்லதான் இருந்தார், கார் வாசல்ல நிக்குது. கூப்பிடலை. எதுக்குக் கூப்பிடணும், பொண்டாட்டி தெருமுனையிலதானே இருக்கா. அடைப்பைக் கரைக்கிற ஊசியை ஒரு மணி நேரம் முன்னாடி போட்டிருந்தா இன்னும் நிறைய மீட்டிருக்கலாம்மான்னார் டாக்டர். எப்ப பார்த்தீங்கன்னு கேட்டார். வந்தவுடனே பார்த்தேன் டாக்டர்னேன். யார்கிட்டயும் சொல்லலை. பெலிசியாகிட்ட சொல்லலை, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூட அதைத் தவிர மத்ததெல்லாம் சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். தெரிஞ்சது ஒரே ஒருத்தருக்குத்தான், அவருக்கு வாய் இல்லை. அந்தப் பேச்சு திரும்பி வரணும்னு நான் மாதாகிட்ட கேக்கறேனே, வந்தா முதல்ல அதைத்தான் சொல்லுவார். அப்படியும் வரட்டும். திட்டட்டும். பொய் பொசிஷன்னு முகத்துக்கு நேரா சொல்லட்டும், அதையாவது சொல்லட்டும்.

எங்க இருக்கேன். முள்ளு எங்க இருக்கு. தொள்ளாயிரம். ஐயோ, பேச வேண்டிய இடம் தாண்டிடுச்சு. அமுக்கு. மூச்சு, மூச்சு விடலை, பரவாயில்லை. சார்ட்டைப் பார்க்கறேன், கண்ணுல தண்ணி, எறும்பெல்லாம் நீந்துது, நம்பரைப் பிடிச்சுட்டேன். "டவர், விக்டர் லீமா எக்கோ, டிசென்டிங் ஃபோர் சிக்ஸ் ஜீரோ ஃபீட்." நானூத்தி அறுபது அடிக்கு இறங்கறேன். சொல்லியாச்சு. கையை எடுத்தாச்சு. முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கறேன். காய் நறுக்கணும். புடலங்காயா, பீன்ஸா. பீன்ஸ்னா அவருக்கு மெல்லக் கஷ்டம்.

க்ளிக்.

மூச்சு. ஒரு மூச்சு கேக்குது, அவர் மூச்சு. "விக்டர் லீமா எக்கோ, நெகட்டிவ்." யார் இது. மேல போற நிஜ விமானத்தோட பேச்சு ஏதாவது இந்தப் பொம்மைக்குள்ள வந்து விழுந்துடுச்சா. நெகட்டிவ்னா தப்பு, இல்லை, கூடாது. "நெகட்டிவ் ஃபோர் சிக்ஸ் ஜீரோ. செவன் ஃபைவ் ஜீரோ. க்ளைம்ப். க்ளைம்ப் நவ்." அந்தக் குரல். கண்ணாடி ரூம்ல கேட்ட குரல், கொஞ்சம் கரகரன்னு, ஓரம் தேய்ஞ்சு, ஆனா அதேதான், என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேங்கிற அதே நிதானம். சார்ட்டைப் பார்க்கறேன். எழுநூத்தம்பதைச் சுத்தி வட்டம், பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள நானூத்தி அறுபது. தொடாதீங்கன்னு சொன்னதைத்தான் தொட்டிருக்கேன். தூங்கினாலும் காது விடாதுன்னார் பூவராகன் சார். என் செபமாலைக்கு வராத பேச்சு, தண்ணிக்கு வராத பேச்சு, இருநூத்தித் தொண்ணூறு அடி தப்புக்கு வந்துடுச்சு. ஓடணும். ஓடக் கூடாது. நாற்காலியோட கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன், அப்பத்தான் தெரியுது, ஓட்டற கட்டையை விட்டுட்டேன். கதவைத் திறந்தா என் முகத்தைப் பார்ப்பார், பார்த்தா மூடிக்கும். அவர் பேசறார், நான் அங்க போகக் கூடாது. அவர் பேசறார், என்னங்கன்னு கூப்பிடக் கூடாது, கூப்பிட்டா நான் ஜெசிந்தா ஆயிடுவேன், ஜெசிந்தாகிட்ட அவருக்குப் பேச்சு இல்லை. திருப்பிச் சொல்லணும், செவன் ஃபைவ் ஜீரோ, க்ளைம்பிங், அவ்வளவுதான், அதைச் சொன்னா போதும். அமுக்கறேன். வாய் திறக்குது. ஒண்ணும் வரலை. இருபத்தி ரெண்டு வருஷம் போன்ல பேசின வாய். உதடு ஒரு பக்கமா இழுக்குது, ஒரு காத்து மட்டும் வருது. இப்படித்தான் இருக்குமா அவருக்கு, ஏழு மாசமா.

ஸ்கிரீன்ல வெள்ளை கிழியுது. பச்சை. ஓலை, மரம், ஒரு கிணத்து மேடு, எல்லாம் ஒரே சமயத்துல பெருசாகி, படபடன்னு ஆடி, நின்னுடுச்சு. ஒரு கட்டம் வந்து நிக்குது, விமானம் நொறுங்கிடுச்சு, மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமான்னு இங்கிலீஷ்ல கேக்குது. க்ளிக். "விக்டர் லீமா எக்கோ, டவர்." அவருக்குத் தெரியாது. ஹால்ல வெயில்ல உக்காந்து, பொய் மேகத்துக்குள்ள தனியா இருக்கிற ஒரு ஆளைத் தேடறார். "விக்டர் லீமா எக்கோ, ரிப்போர்ட் பொசிஷன்." எங்க இருக்கே. எங்க இருக்கேன்னு கேக்கறார். முப்பத்தி ஒரு வருஷத்துல என் கையில ஒண்ணு கூட விழுந்ததில்லை ஜெசிந்தான்னு ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னார், அது ஒண்ணுதான் அவர் சொல்லிக்கிட்ட பெருமை. ஏழு மாசம் கழிச்சு வாயைத் திறந்து ஏறு, ஏறுன்னு கத்தியும், நான் விழுந்துட்டேன். அதைச் சொல்லணுமா. உண்மையைச் சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும், நாலு மைல் கிழக்கே, தென்னந்தோப்புல கிடக்கேன்னு. க்ளிக். "விக்... விக்டர்... லீ..." குரல் ஓரத்துல நடுங்குது. நிதானம் போகுது. "லீ... லீ..." போயிடும். இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டு நான் இல்லைன்னா அது உள்ள போயிடும், கதவைச் சாத்திக்கும், இனி எந்த நம்பரைத் தப்பாச் சொன்னாலும் வராது. சாந்தமா இரு. அமுக்கு. மூச்சு. மூச்சு விடு ஜெசிந்தா.

"டவர், விக்டர் லீமா எக்கோ. க்ளைம்பிங். பாசிங் ஒன் தௌசண்ட் ஃபீட்." ஆயிரம் அடியைத் தாண்டி ஏறிக்கிட்டிருக்கேன். ஸ்கிரீன்ல இறக்கை ஒரு பக்கமா முறிஞ்சு புல்லுல கிடக்குது. குரல் எப்படி வந்துச்சுன்னு தெரியலை, கேஸ் ஏஜென்சி குரல், வண்டி கிளம்பிடுச்சும்மாங்கிற அதே குரல், ஒரு பிசிறு இல்லை. "ஃபோர் மைல்ஸ் ஈஸ்ட். ஆல் நார்மல்." எல்லாம் சரியா இருக்கு. வந்துட்டேங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். கையை எடுத்துட்டேன். க்ளிக். அவர் பட்டனை அமுக்கி வச்சுக்கிட்டே இருக்கார், பேசலை, நாற்காலி கிறீச்சுங்குது, சாயறார் போல, ஒரு பெரிய மூச்சு வெளியே வர்றது என் காதுக்குள்ள கேக்குது. "ராஜர்"னார். அன்னைக்கும் இப்படித்தான், நான் சொன்னதை நம்பிட்டு உக்காந்திருந்தார்.